முகம் காட்டாத முகப்புப் படங்கள்

புதுதில்லி: தலைநகரில் துணை தேடும் செயலி ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் விரலால் தள்ளிக்கொண்டே போனால், அதில் வரும் படங்கள் எல்லாம் ஒரு சில அச்சுகளில் வார்க்கப்பட்டவை என்பது புலப்பட்டுவிடும். ஆண்களில் ஒருவர் லடாக் மலைப்பாதையில் புல்லட் வண்டியோடு நிற்கிறார். இன்னொருவர் உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடி முன் புஜத்தை முறுக்கிக் காட்டுகிறார். அடுத்தவர் சாய்ந்து நிற்கும் கார் அவருடையதுதானா என்பது காருக்கே வெளிச்சம். பெண்களின் படங்களோ வேறு ரகம். முதுகைக் காட்டியபடி மலையைப் பார்க்கும் பெண், முகத்தில் பாதியைக் கூந்தலால் மறைத்த பெண், தோழியர் ஐவரோடு நிற்பதால் தான் யாரெனத் தெரியாத பெண். சில இடங்களில் ஆளே இல்லை. ஒரு காபிக் கோப்பையும் புத்தகமும் மட்டும் இருக்கின்றன.

தன்னைப் பிறர் விரும்ப வேண்டும் என்பதற்காகவே போடப்படும் படத்தில் இத்தனை பேர் ஏன் தன்னையே மறைத்துக்கொள்கின்றனர்? இதை வெறும் அலங்கார ஆசை, இளைஞர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நிறம், சாதி, மதம், பணம், போலீஸ், சட்டம் ஆகிய அனைத்தும் அந்தச் சிறு சதுரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பென்சில் செய்த வேலை

மணத்துக்காகப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் செயலிகளோடு வந்ததன்று. வட இந்திய நகரங்களில் பெண் பார்க்கும் படலத்துக்கு முன்னரே பெண்ணின் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அதற்கென்றே ஸ்டூடியோவில் ஒரு நிற்கும் படமும் ஓர் அமர்ந்த படமும் எடுக்கப்படும். பின்னால் வர்ணத் திரை, பக்கத்தில் பூச்சாடி, முகத்தின் மேல் இரண்டு விளக்குகள். கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டுவது ஸ்டூடியோக்காரரின் கைத்திறன். நெகடிவில் எங்கே பென்சில் கரி ஏறுகிறதோ, அந்த இடம் அச்சில் வெளுத்து வரும். தழும்பு மறையும், கண்ணின் கீழ்க் கருவளையம் போகும், மாநிறம் சிவப்பாகும். இன்றைய செல்பேசி ஒரு நொடியில் செய்வதை அன்று ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து செய்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

படம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று அந்த ஸ்டூடியோக்களுக்குச் சென்றவர்கள் எதிர்பார்க்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் நாக்தா நகரிலுள்ள ஸ்டூடியோக்களை ஆராய்ந்து பிரிட்டிஷ் மானுடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி 1997-ல் ஒரு நூல் வெளியிட்டார். அங்குள்ளோருக்குப் படம் என்பது தாம் இருக்கும் நிலையைப் பதிவு செய்யும் கருவியாக அன்றி, தாம் இருக்க விரும்பும் நிலையை நிகழ்த்திப் பார்க்கும் மேடையாக இருந்ததை அவர் காட்டினார். செயலியில் காரில் சாய்ந்து நிற்கும் இளைஞர் அந்த ஸ்டூடியோவின் வாரிசு. அன்று திரையில் வரைந்த மாளிகை, இன்று யாருடையதோ ஆன கார்.

நெகடிவில் பென்சில் ஓடிய அதே காலத்தில் சந்தையும் சும்மா இருக்கவில்லை. 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது. நிறம் ஏறினால் வரன் வரும், வேலை கிடைக்கும் என்ற கதையை அதன் விளம்பரங்கள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. கருநிறத்தவரை அழகற்றவராக, துயரத்தில் இருப்பவராகச் சித்திரிக்கக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014-ல் விதி வகுத்த பிறகே அந்தக் கதை சற்று மெருகு மாறியது. இதற்கு முன்னோடியாக, 2009-ல் சென்னையிலிருந்து இயங்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு கருமையும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக முன்வந்தபோதுதான் வட இந்திய ஆங்கில ஏடுகள் அதைத் திரும்பிப் பார்த்தன.

2020 ஜூன்

செய்தித்தாள் வரன் விளம்பரங்களில் இடம் காசு. ஆகவே ‘சிவந்த’, ‘மாநிற’ என்ற ஒரு சொல்லோடு நிறம் முடிந்துவிடும். 1990-களின் பிற்பகுதியில் வரன் தேடல் இணையத்துக்குப் போனது. அமெரிக்கத் தமிழர்களுக்கென ஒருவர் நடத்திய இணையதளத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த பாரத் மேட்ரிமோனியும், மும்பையின் ஷாதி.காமும், தில்லியை ஒட்டிய நொய்டாவின் ஜீவன்சாத்தியும் இந்தத் துறையின் பெரும் பெயர்களாயின. சாதி, உட்பிரிவு, கோத்திரம், ஊதியம் என்று கட்டங்கள் பெருகின. நிறமும் ஒரு கட்டம் பெற்றது.

அந்தக் கட்டத்துக்கு விடிவு வெளிநாட்டிலிருந்து வந்தது. 2020 மே மாதம் அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீசாரால் கொல்லப்பட்டதை அடுத்து இனவெறிக்கு எதிராக எழுந்த அலையில், அங்கு வாழும் இந்திய வம்சாவளிப் பெண்கள் சிலர் ஷாதி.காமில் தோல் நிறத்தின்படி வரன்களைச் சலித்தெடுக்கும் வசதி இருப்பதைச் சுட்டிக்காட்டினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டதும், அது பயனில் இல்லாத பழைய எச்சம் என்று கூறி நிறுவனம் ஜூன் மாதத்திலேயே அதை நீக்கியது. அதே ஜூன் மாதக் கடைசியில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் தன் களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்கப்போவதாக அறிவித்தது. ஜூலையில் அது ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. ஜூன் 29-ஆம் தேதி, கல்வான் மோதலைத் தொடர்ந்து மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளின் பட்டியலில் டிக்டாக்கோடு பியூட்டி பிளஸ், மெய்ட்டு, ஸ்வீட் செல்ஃபி போன்ற முகத்தை மெருகேற்றும் செயலிகளும் இருந்தன. நிறத்தின் மீதான பற்றைக் கைவிடுமாறு ஒரு மாதத்துக்குள் இத்தனை திசைகளிலிருந்து இந்தியருக்கு நெருக்கடி வந்தது வரலாற்றில் அதுவே முதல் முறையாக இருக்கலாம். மூன்றாவது நெருக்கடிக்குக் காரணம் எல்லைப் பாதுகாப்பு என்பது வேறு விஷயம்.

பற்று போனதா என்றால், கட்டம் போனது, அவ்வளவே. வரன் தளத்தில் நிறத்தைச் சொல்லால் சலிக்க முடியாதவர், படத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார். பெரும்பாலான செல்பேசிக் கேமராக்களில் முகத்தை வழவழப்பாக்கும் வசதி ஏற்கெனவே உள்ளது. இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கும் சொந்தப் பார்வை உண்டு. 2017-ல் உலகெங்கும் பரவிய ஃபேஸ்ஆப் செயலி, ஒருவரைக் ‘கவர்ச்சியாக’ மாற்றுமாறு கேட்டால் அவரது தோலை வெளுக்கச் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதன் நிறுவனர் மன்னிப்புக் கோரினார். செயலியைப் பழக்கிய படங்களிலேயே அந்தச் சாய்வு இருந்ததாக விளக்கம் தந்தார். பென்சில் பிடித்த ஸ்டூடியோக்காரரிடமாவது ‘வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்ல முடிந்தது.

படமே ஜாதகம்

2016-ல் டிண்டர் தில்லியில் அலுவலகம் திறந்தபோது, வரன் தளங்களின் கட்டங்களெல்லாம் ஒழிந்துவிட்டன என்று நகர்ப்புற இளைஞர்கள் மகிழ்ந்தனர். பெயர், வயது, சில படங்கள் போதும். சாதி இல்லை, கோத்திரம் இல்லை. இந்தியச் சந்தையைப் பார்த்து அந்நிறுவனமே சற்றுத் தயங்கியது போலும். சந்திக்கப் புறப்படும் மகளைத் தாய் பெருமையோடு வழியனுப்பும் விளம்பரம் ஒன்றை அதே ஆண்டு வெளியிட்டுக் கேலிக்கு ஆளானது.

கட்டங்கள் நீங்கியதும் அவற்றின் வேலை முழுவதும் படத்தின் தலையில் விழுந்தது. இந்தி மண்டலத்தில் குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். குடும்பப் பெயர் இல்லாத செயலியில் கண் வேறு அடையாளங்களைத் தேடுகிறது. நெற்றித் திலகம், மணிக்கட்டுச் செந்நிறக் கயிறு, கையில் கடா, தலைப்பாகை, முக்காடு. படத்தின் பின்னணி வருமானத்தைச் சொல்கிறது. வரவேற்பறையில் நிற்கும் குளிர்பதனப் பெட்டி கூட ஒரு தகவல். ஆகையால் வீட்டில் எடுத்த படத்தைப் பலர் வெட்டிச் சுருக்குகின்றனர், அல்லது பெரிய வணிக வளாகத்தின் கண்ணாடி முன் போய் நிற்கின்றனர். வெளிநாட்டு விமான நிலையம், பனி மலை, இனம் தெரிந்த நாய்க்குட்டி ஆகியவை ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழின் இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளன.

இந்தியாவில் நடைபெறும் திருமணங்களில் சாதி கடந்தவை ஏறத்தாழ 5 சதவீதமே என்று 2011-12-ஆம் ஆண்டு இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு காட்டியது. செயலி வழிப் பழக்கங்கள் இந்தக் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதை இனிவரும் ஆய்வுகளே சொல்ல வேண்டும். ஆனால் படத்திலிருந்து சாதியையும் வர்க்கத்தையும் வாசிக்கும் பழக்கம் இருக்கும்வரை, ‘விரும்பியவரைத் தேர்ந்தெடுக்கிறேன்’ என்பதில் விருப்பம் எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது கடினம்.

பெண்கள் ஏன் முகம் காட்டுவதில்லை?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இணையத்தை எப்போதேனும் பயன்படுத்திய பெண்கள் நாட்டில் மூன்றில் ஒரு பங்கினரே. ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தியுள்ளனர். இந்தச் செயலிகளில் ஆண்களே பெரும்பான்மை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கு ஒரு பெண் முகம் காட்டினால் அதைப் பார்ப்பவர் வருங்காலத் துணைவர் மட்டுமல்லர். உறவினர், அலுவலக மேலாளர், தெருமுனை இளைஞர் எல்லாரும் அங்கே இருக்கக்கூடும். எந்தப் படத்தையும் ஒரு நொடியில் நகலெடுத்து வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம்.

அந்த வேறிடம் எப்படியிருக்கும் என்பதைத் தலைநகர் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டது. 2020 மே மாதம், தில்லிப் பள்ளி மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் குழு அமைத்து, உடன் படிக்கும் வயது வராத சிறுமியரின் படங்களைப் பகிர்ந்து ஆபாசமாகப் பேசியது அம்பலமாயிற்று. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ என்ற செயலி வந்தது. முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களது சமூக வலைத்தளப் பக்கங்களிலிருந்து எடுத்து, அவர்கள் ‘ஏலத்துக்கு’ உள்ளதாக அது காட்டியது. பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் அதில் குறிவைக்கப்பட்டனர். புகார்கள் பதிவாகியும் மாதக்கணக்கில் எவரும் கைதாகவில்லை. 2022 புத்தாண்டு நாளில், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் படங்களோடு ‘புல்லி பாய்’ என்ற பெயரில் அதே அக்கிரமம் மீண்டும் அரங்கேறிய பிறகே மும்பை, தில்லி போலீசார் விரைந்தனர். கைதானவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பொறியியல் மாணவர்களும் அவர்களில் அடங்குவர்.

அப்பெண்கள் எவரும் துணை தேடிப் படம் போட்டவர்கள் அல்லர். தம் பணியின் பொருட்டு, பொதுவெளியில் உரிமையோடு முகம் காட்டியவர்கள். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய காணொளி பரவியபோது, படத்தைத் திருடுவதற்கும் அப்பால் ஒரு படி போய்விட்டது தெரிந்தது. மலையைப் பார்த்து நிற்கும் அந்த முதுகை நாணம் என்று வாசிப்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகின்றனர்.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். 2018 டிசம்பரில் பம்பிள் செயலி இந்தியாவுக்கு வந்தபோது, பெண்கள் முழுப் பெயருக்குப் பதில் முதல் எழுத்தை மட்டும் காட்டலாம் என்ற ஏற்பாட்டை இந்தியப் பெண்களுக்காகச் செய்தது.

முகம் மறைக்கும் பழக்கம் பெண்களோடு நிற்பதில்லை. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் பயன்படுத்தும் செயலிகளில் கழுத்துக்குக் கீழே மட்டும் காட்டும் படங்கள் மிகுதி. இதற்குப் பின்னால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு நெடுங்காலம் நின்றது. 2006 ஜனவரியில் லக்னோ போலீசார் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான இணையதளத்தின் வழியே ஆட்களைத் தொடர்புகொண்டு வரவழைத்து நால்வரைக் கைது செய்ததாக மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. இணையத்தில் முகம் காட்டுவது சிறைக்கு வழி என்பதை அந்நிகழ்ச்சி ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வயது வந்தோரின் இணக்க உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன்பின் முகங்கள் தென்படத் தொடங்கின. எனினும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாதவர்களைச் சந்திக்க அழைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கும் நகரங்களில், கழுத்துக்குக் கீழேயான படங்கள் இன்னும் குறைந்தபாடில்லை.

சிறு பொய்யும் பெரும் பொய்யும்

படத்தில் பொய் எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜெஃப்ரி ஹான்காக், கேட்டலினா டோமா, நிக்கோல் எல்லிசன் ஆகியோர் நியூயார்க்கில் இணையம் வழித் துணை தேடிய 80 பேரை அழைத்து, அவர்களின் உயரத்தையும் எடையையும் நேரில் அளந்தனர். வயதைச் சான்றிதழில் பார்த்தனர். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் 81 சதவீதத்தினர் மூன்றில் ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தனர். ஆயினும் பொய்கள் பெரும்பாலும் சிறியவை. ஆண்கள் உயரத்தைச் சற்றுக் கூட்டினர், பெண்கள் எடையைச் சற்றுக் குறைத்தனர். மறு ஆண்டு வெளியான ஆய்வில், படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஆளை ஒத்திருக்கவில்லை என்று வெளியார் மதிப்பிட்டனர். நேரில் சந்திக்க வேண்டியிருப்பதால் பொய்க்குத் தானாகவே ஒரு வரம்பு விழுகிறது என்பது அந்த ஆய்வாளர்கள் கண்ட உண்மை.

சந்திக்கும் எண்ணமே இல்லாதவருக்கு அந்த வரம்பு இல்லை. 2025 ஜனவரியில் தில்லி போலீசார் 23 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்தனர். பகலில் நொய்டா நிறுவனம் ஒன்றில் ஆளெடுக்கும் பணி செய்துவந்த அவர், இரவில் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்திருக்கும் மாடலாக மாறிவிடுவாராம். படங்கள் பிரேசில் நாட்டு மாடல் ஒருவருடையவை. எண் வெளிநாட்டு மெய்நிகர் எண். செயலிகள் வழியே எழுநூறு பெண்கள் வரை தொடர்புகொண்டு, நம்பிக்கை பெற்று, அந்தரங்கப் படங்களை வாங்கி, அவற்றைக் காட்டிப் பணம் பறித்ததாகப் போலீசார் தெரிவித்தனர். ஆண்களும் தப்பவில்லை. 2024 ஜூனில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துவந்த இளைஞர் ஒருவர், செயலியில் அறிமுகமான பெண்ணைச் சந்திக்கக் கிழக்கு தில்லி உணவகம் ஒன்றுக்குச் சென்றார். பெண் இடையில் எழுந்து போய்விட, அவர் கையில் கொடுக்கப்பட்ட ரசீது 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. உணவக நிர்வாகத்துக்கும் அப்பெண்ணுக்கும் பங்கு பேசப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

தேசப் பாதுகாப்பும் இதில் நுழைந்தது. 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களை 89 செயலிகளைத் தம் செல்பேசிகளிலிருந்து நீக்குமாறு பணித்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றோடு டிண்டர், ஓகேகியூபிட், ட்ரூலிமேட்லி போன்ற துணை தேடும் செயலிகளும் பட்டியலில் இடம்பெற்றன. அழகிய பெண்ணின் படத்தைக் காட்டி வீரர்களிடம் தகவல் கறக்கும் அந்நிய உளவு முயற்சிகளே காரணம். எதிர்த்து வழக்குத் தொடுத்த லெப்டினன்ட் கர்னல் ஒருவரின் மனுவைத் தில்லி உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே தள்ளுபடி செய்தது.

கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அடையாளத்தை மறைத்து மணம் புரிவது உள்ளிட்ட வஞ்சக வழிகளால் உறவு கொண்டால் பத்தாண்டு வரை சிறை. ஏமாற்றப்படும் பெண்களுக்கு இது காப்பு என்கிறது அரசுத் தரப்பு. ‘அடையாளம்’ என்ற சொல்லை மத அடையாளமாகவே படிக்கும் போக்கு உள்ள மாநிலங்களில் இது மதம் கடந்த காதலர்கள் மீது பாயும் என்பது எதிர்ப்போரின் கவலை. அந்தக் கவலைக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. உத்தரப் பிரதேச அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து 2021-ல் சட்டமாக்கிய மதமாற்றத் தடைச் சட்டத்தின் தண்டனை, 2024-ல் ஆயுள் சிறை வரை உயர்த்தப்பட்டது. செயலியில் குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் செல்லப்பெயர் போட்ட இளைஞரின் செயல் வெறும் எச்சரிக்கையா, வஞ்சகமா என்பதை அவர் எந்த மதத்தவர் என்பதைக் கொண்டு காவல் நிலையம் முடிவு செய்யுமானால், படத்தில் முகம் மறைப்பவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

வரன் தளங்களைப் பொறுத்தவரை மத்திய அரசு 2016 ஜூனில் நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு செய்வோரிடம் அடையாளச் சான்று பெற வேண்டும். தகவல்கள் உண்மை என்ற ஒப்புதல் பெற வேண்டும். தளம் திருமணத்துக்கு மட்டுமே, ‘டேட்டிங்’ தளம் அன்று என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. இப்படி அறிவிக்க வைத்ததோடு, டேட்டிங் செயலிகளை அந்த நெறிமுறை தொடவே இல்லை. அவை தமக்குத் தாமே சரிபார்ப்பு முறைகளை ஏற்படுத்திக்கொண்டன. டிண்டர் 2020-ல் அறிவித்த முறையில், பயனர் அப்போதே சில கோணங்களில் தற்படம் எடுத்து அனுப்ப வேண்டும்; அது ஏற்கெனவே போட்ட படங்களோடு ஒத்துப்போனால் பெயருக்கு அருகே நீலக் குறி விழும். படத்தில் இருப்பவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒருவரே என்பதற்கு அது சான்று. அவர் மணமானவரா, கார் அவருடையதா என்பதற்குச் சான்று அன்று. மேலும், அக்குறியைப் பெற முகத்தைக் காட்டியாக வேண்டும். முதுகு காட்டி நிற்கும் பெண்ணுக்கு அது கிடைக்காது.

செயலியில் இவ்வளவு மறைத்துப் பழகிய மதம் கடந்த இணை, கடைசியில் மணம் புரிய முடிவெடுத்தால் செல்ல வேண்டிய இடம் பதிவாளர் அலுவலகம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, எவரும் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்கும் வகையில் அவர்களின் பெயரும் முகவரியும் அடங்கிய அறிவிப்பு அங்கு முப்பது நாள் ஒட்டப்படும். அது கட்டாயமல்ல, இணையரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தில் அந்தப் பிரிவு மாற்றப்படாமல் அப்படியே இருக்கிறது.